ஐஸ் வீட்டின் மூன்றாவது கதை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போவது சென்னைக் குடும்பங்களுக்கு ஏற்பட்ட கடமைகளில் ஒன்று. சுண்டல், மாங்காய்ப் பத்தை, அலையில் கால் நனைத்தல் எல்லாம் முறைப்படி நடந்தேறும். திரும்பி வரும்போது கூட்டத்தில் ஒரு பொடியன் கையை நீட்டிக் கேட்பான்: "மாமி, அதோ உருண்டையாய்க் கேக் மாதிரி ஒரு வீடு இருக்கிறதே, அது என்ன?"

"அதுவா? விவேகானந்தர் இல்லம்" என்பீர்கள்.

"பின்னே பஸ்ஸிலே கண்டக்டர் 'ஐஸ் ஹவுஸ்' என்றாரே?"

பொடியன்கள் எப்போதும் இப்படித்தான். பதில் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பார்கள். நாமும், "பேசாமல் வா, பஸ் போய்விடும்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறோம். ஆனால் சகோதரிகளே, காமராஜர் சாலையில் நிற்கும் அந்த வீடு அப்படித் தட்டிக் கழிக்கக் கூடிய வீடல்ல. அதற்கு ஒன்றல்ல, மூன்று கதைகள் இருக்கின்றன. முதல் இரண்டு கதைகளும் பெயராகி நிலைத்துவிட்டன. மூன்றாவது கதைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அந்த மூன்றாவது கதைதான் நம் வீட்டுக் கதை. வரிசையாகவே சொல்லி விடுகிறேன்.

முதல் கதை ஐஸ் கதை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிரெடரிக் டியூடர் என்று ஒருவர் இருந்தார். அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் ஏரிகள் கல்லாக உறைந்து போகும். "இந்த ஐஸை வெட்டி வெயில் ஊர்களுக்கு அனுப்பினால் என்ன?" என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 1806-ல், தம்முடைய இருபத்திரண்டாம் வயதில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்கு ஒரு கப்பல் ஐஸ் கொண்டு போனார். ஊர் சிரித்தது. "இது வேடிக்கையல்ல, நிஜந்தான்" என்று பத்திரிகை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! கடன் முற்றிச் சிறைக்கும் போனார் மனிதர். பிற்காலத்தில் காப்பிக் கொட்டை வியாபாரத்தில் இறங்கி மீண்டும் பெருங்கடனாளியானார். (காப்பியால் கடன் என்பது நம் இல்லத்தரசிகளுக்குப் புரியாத சங்கதியல்ல.)

அவரைக் கரையேற்றியது இந்தியாதான். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தானே? ஆகவே ஆப்பிரிக்காவையே சுற்றிக் கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, நாலு மாதம் கழித்துச் செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. வழியில் உருகியது போக ஏறக்குறைய 100 டன் மிச்சம்!

நம் வீட்டில் மின்சாரம் இரண்டு மணி நேரம் போனால் பிரிட்ஜில் உள்ள ஐஸ் தண்ணீராகி விடுகிறது. நாலு மாதம் அது எப்படித் தாங்கியது? எல்லாம் மரத்தூள் செய்த மாயம். மர அறுவை ஆலைகளில் தொல்லையென்று தள்ளிவிடும் தூளை ஐஸ் பாளங்களைச் சுற்றிக் கனமாக அடைத்தார்கள். வெளிச் சூடு உள்ளே போகாது. ஏரியில் கிடந்த ஐஸும் யாருக்கும் வேண்டாதது. ஆலையில் கிடந்த தூளும் யாருக்கும் வேண்டாதது. வேண்டாத இரண்டைச் சேர்த்துப் பணமாக்கினார் டியூடர்.

வந்த ஐஸை வைத்துக் காப்பாற்ற இடம் வேண்டுமல்லவா? கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் அதற்கென்றே கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842-ல் கட்டியது. கனத்த சுவர், உருண்ட வடிவம், கடலை ஒட்டிய இடம். அப்போது கடல் இன்றைப்போல அத்தனை தூரத்தில் இல்லை. பிற்பாடு துறைமுகம் கட்டிய பிறகுதான் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரீனா இத்தனை அகலமானது. ஐஸ் வந்த காலத்தில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்கும். சரக்கெல்லாம் மசூலாப் படகுகளில் அலையோடு மல்லாடிக் கரைக்கு வரும்.

மூன்று கிடங்குகளில் கல்கத்தாவினதும் பம்பாயினதும் இடிபட்டுப் போயின. இன்றும் நிற்பது நம்முடையது ஒன்றுதான்.

1870-களில் சென்னையிலேயே யந்திரத்தின் மூலம் ஐஸ் செய்ய ஆரம்பித்தார்கள். உள்ளூரில் கிடைக்கும் பண்டத்தை யாராவது அமெரிக்காவிலிருந்து வரவழைப்பார்களா? டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்தது. கிடங்கு விலைக்கு வந்தது. இத்துடன் முதல் கதை முற்றும்.

இரண்டாவது கதை மாளிகைக் கதை.

கிடங்கை வாங்கியவர் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல். ஐஸுக்காகக் கட்டிய கட்டடத்தில் மனிதர் குடியிருப்பது எளிதா? சுற்றி வராந்தாக்கள் எழுப்பினார், ஜன்னல்கள் வைத்தார், வெறும் கிடங்கை மாளிகையாக்கினார். ஹைகோர்ட்டு நீதிபதி கெர்னன் துரை அவருடைய சிநேகிதர். அவர் ஞாபகமாக 'காஸில் கெர்னன்', அதாவது கெர்னன் கோட்டை என்று வீட்டுக்குப் பெயரிட்டார். ஐயங்கார் எத்தனை ஆசையாக வைத்தாரோ, ஜனங்கள் அந்தப் பெயரை ஏற்றுக் கொள்ளவில்லை. ஐஸ் உருகிப் போன பிறகும் ஊர் அதை ஐஸ் ஹவுஸ் என்றே கூப்பிட்டது. இன்றைக்கும் அந்த வட்டாரத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூட அதே பெயர்தான். ஐயங்கார் நல்ல மனசுக்காரர். ஏழை மாணவர்களுக்கு அங்கே தங்க இடம் கொடுத்தார்.

அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6-ஆம் தேதி எழும்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். ஊரே திரண்டது. மாணவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்தார்கள். அந்த ஊர்வலம் வந்து சேர்ந்த இடம் இந்த ஐஸ் வீடு. ஒன்பது நாட்கள் சுவாமிஜி அங்கே தங்கினார். அந்த நாட்களில் அவர் சென்னையில் செய்த சொற்பொழிவுகளை இன்றும் புத்தகமாகப் படிக்கிறோம்.

முன்பு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பணம் சேர்த்தவர்களும் சென்னைக்காரர்களே. பள்ளிக்கூட ஆசிரியரான அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக ஏறி இறங்கி வசூலித்தார். இப்போது அவர்கள் சுவாமிஜியை, "எங்களுக்கென்று ஒரு சாமியார் வேண்டும்" என்று கேட்டார்கள். "உங்கள் ஊர் வைதிகர்களையெல்லாம் தோற்கடிக்கும் ஆசாரசீலரை அனுப்புகிறேன்" என்று சுவாமிஜி வாக்களித்தாராம். வந்தவர் ராமகிருஷ்ணானந்தர். தென்னாட்டில் ராமகிருஷ்ண மடம் இந்த ஐஸ் வீட்டில்தான் வேர் விட்டது.

1902-ல் ஐயங்கார் காலமானார். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடக்கும்போது ராமகிருஷ்ணானந்தர் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்பர் ஒருவர் பதறிப் போய் அடிக்கடி ஓடி வந்து ஏலத் தொகையைச் சொல்ல, 'யார் வாங்கினால் எனக்கென்ன? குருமகராஜுக்கு ஒரு சின்ன அறை இருந்தால் போதும்' என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். மாளிகை வேறு கை மாறியது. அவர் வெளிக்கட்டில் சிலகாலம் இருந்தார். 1907-ல் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது.

இதுவரை சொன்னதில் பாதியாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனிமேல்தான் மூன்றாவது கதை.

அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களில் பெண்ணுக்கு எட்டு, பத்து வயதில் கல்யாணம். தாலி ஏறிய பெண் பொம்மை வைத்து விளையாடிக் கொண்டிருப்பாள். திடீரென்று ஒரு நாள் அந்தப் பையன் இறந்து போனான் என்று சேதி வரும். யாரோ அழுவார்கள், இவளையும் கட்டிக் கொண்டு அழுவார்கள். எதற்கென்று அவளுக்கு விளங்காது. நாளடைவில் விளங்கும். பூ கிடையாது, பொட்டு கிடையாது, கல்யாண வீட்டில் முன்னே வரக் கூடாது. வயது வந்ததும் தலையை மழித்து நார்மடிப் புடவையைச் சுற்றிவிடுவார்கள். பிறகு சாகும் வரையில் சமையற்கட்டுதான் உலகம். விதவைகள் மறுமணம் செய்து கொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்தது, சமையற்கட்டு வரை அது வரவில்லை.

மயிலாப்பூரில் 1886-ல் பிறந்த சுப்புலட்சுமிக்கும் இதுதான் நேர்ந்தது. பதினோரு வயதில் கல்யாணம், சீக்கிரமே வைதவ்யம். ஆனால் அவருக்கு வாய்த்த தகப்பனார் ஒரு விசேஷமான மனிதர். சுப்பிரமணிய ஐயர் மகளின் தலையை மழிக்கவில்லை. கையில் புத்தகத்தைக் கொடுத்தார். வீட்டில் படிப்பு, பிறகு எழும்பூர்க் கான்வென்டில் படிப்பு, பிறகு மாநிலக் கல்லூரி. 1911-ல் சுப்புலட்சுமி பி.ஏ. தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவரே.

பட்டம் வாங்கியாயிற்று, இனி நம் பாடு நிம்மதி என்று அவர் இருக்கவில்லை. தன்னைப்போலச் சிறு வயதில் எல்லாம் இழந்த பெண்களை அழைத்து எழும்பூர் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். கூடவே துணை நின்றவர் சித்தி வாலாம்பாள். அவரும் பால்ய விதவைதான். 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தை ஏற்படுத்தினார். ஊர் அவரை 'ஸிஸ்டர் சுப்புலட்சுமி' என்று அழைக்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்நாளில் பெண் பள்ளிக்கூடங்கள் ஒரு பக்கம் திண்டாடிக் கொண்டிருந்தன. ஆண் வாத்தியார் என்றால் பெற்றோர் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். பெண் ஆசிரியைகளோ கிடைப்பதில்லை. கல்யாணமான பெண்ணை வேலைக்கு அனுப்பும் வழக்கமும் இல்லை. மறு பக்கம், ஆயிரக்கணக்கான வீடுகளின் பின்கட்டில் யாருக்கும் வேண்டாதவர்களாக இளம் பெண்கள். ஆசிரியை இல்லாத பள்ளிக்கூடமும், வழி இல்லாத பெண்ணும். இந்த இரண்டு குறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தீர்த்து விடும் என்று கண்டவர் ஸிஸ்டர். கல்வி இலாகாவில் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியாக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையாரும் இதைக் கண்டு கொண்டார். சர்க்காரின் ஆதரவைத் தேடித் தந்தார்.

பெண்களின் தொகை பெருகப் பெருக இருந்த இடம் போதவில்லை. 1917-ல் ஐஸ் வீட்டை சர்க்கார் வாங்கியது. விதவைப் பெண்கள் இல்லம் அங்கே குடியேறியது.

ஒரு நிமிஷம் கற்பனை செய்து பாருங்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் ஏதோ ஒரு அக்கிரகாரம். எதிரே வந்தால் சகுனத் தடை என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிற தெரு. அங்கிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, முதல் நாள் காலையில் மாடி ஜன்னலைத் திறக்கிறாள். எதிரே கடல்! அவளை யாரும் "உள்ளே போ" என்று சொல்லவில்லை. கையில் ஸ்லேட்டு இருக்கிறது. மணி அடித்தால் வகுப்பு. பிலிகிரி ஐயங்கார் வைத்த ஜன்னல்களுக்கு இதைவிட நல்ல உபயோகம் வேறு என்ன வந்திருக்க முடியும்?

எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைத்து விடாதீர்கள். விதவைகளைப் படிக்க வைப்பதாவது என்று வைதிகர்கள் வைதார்கள். மறுமணம் செய்து வைக்காமல் படிப்பு மட்டும் என்ன படிப்பு என்று சீர்திருத்தக்காரர்கள் குறை சொன்னார்கள். பிராமண விதவைகளுக்கு மட்டும் இல்லமா என்றும் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆசாரத்தைக் கொஞ்சம் அனுசரித்துப் போனால்தான் பெற்றோர் பெண்ணை வெளியே விடுவார்கள் என்பது அவர் கண்ட நடைமுறை. அவர் வேலை அந்த இல்லத்தின் மதில் சுவரோடு நின்று விடவுமில்லை. அருகிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்.

1922-ல் பக்கத்திலேயே வெலிங்டன் சீமாட்டி பெயரால் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி வந்தது. ஸிஸ்டரே அதன் தலைவி. பின்கட்டிலிருந்து வந்த பெண்கள் ஆசிரியைகளாகி ஊர் ஊராகப் போனார்கள். மாதம் பிறந்தால் தம் கையால் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினார்கள். சம்பளம் வாங்குகிற அத்தையை வீட்டில் எவர் "உள்ளே போ" என்பார்?

பெண்ணின் கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று ஸிஸ்டர் பாடுபட்டார். அதற்காக ஏற்பட்ட ஜோஷி கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். 1929-ல் சாரதா சட்டம் வந்து, பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது பதினாலு என்று ஆயிற்று. தியாகராய நகரில் ராமகிருஷ்ண மிஷன் நடத்தும் சாரதா வித்யாலயா அவர் நட்ட செடி. மயிலாப்பூரில் 1956-ல் தோன்றிய வித்யா மந்திருக்கும் அவர் கை பட்டிருக்கிறது. உங்கள் பெண்ணோ பேத்தியோ அங்கே படித்துக் கொண்டிருக்கலாம். 1958-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது. 1969 டிசம்பரில் காலமானார்.

பிற்காலத்தில் ஐஸ் வீடு ஆசிரியைப் பயிற்சி மாணவிகளுக்கு விடுதியாகப் பல வருஷம் இருந்தது. 1963-ல், சுவாமிஜியின் நூற்றாண்டின் போது, அதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று சர்க்கார் பெயர் சூட்டியது. 1997-ல், அவர் வந்து தங்கிய நூறாவது வருஷத்தில், கட்டடம் குத்தகையாக ராமகிருஷ்ண மடத்தின் கையில் வந்தது. தொண்ணூறு வருஷத்துக்கு முன் வெளிக்கட்டுக்குப் போனவர்கள் நடுக்கட்டுக்கே திரும்பி வந்தார்கள்! பழுது பார்த்துச் செப்பனிட்டு, 1999-ல் கண்காட்சியைத் திறந்தார்கள். சுவாமிஜியின் வாழ்க்கையைக் காட்டும் படங்களும், பாரத நாட்டுப் பண்பாட்டைச் சொல்லும் ஓவியங்களும் அங்கே இருக்கின்றன. அவர் தங்கிய அறை இப்போது தியான அறை. உள்ளே போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் வெளியே ஓடும் பஸ்களின் இரைச்சல் மறந்து போகும்.

ஒன்பது நாள் தங்கியவர் பெயரை வீட்டுக்கு வைத்ததில் தப்பொன்றுமில்லை. அவர் அத்தகைய மகான். ஒரு வீட்டுக்கு ஒரு பலகைதான் மாட்ட முடியும். ஆனால் அந்த வீட்டில் ஒன்பது நாளல்ல, ஒன்பது வருஷமல்ல, அதற்கும் மேலே பெண்கள் படித்தார்கள், அழுதார்கள், சிரித்தார்கள், பரீட்சைக்குப் பயந்தார்கள். ஐஸின் பெயர் பஸ் கண்டக்டர் வாயில் நிற்கிறது. சுவாமிஜியின் பெயர் பலகையில் நிற்கிறது. அந்தப் பெண்களின் பெயர் எங்கே நிற்கிறது?

மியூஸியம் என்றால் பெரியவர்கள் கட்டி வைப்பது, நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது என்று நினைக்கிறோம். அதன் ஒரு பகுதி நம் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். குழந்தைகளை ஒரு நாள் விவேகானந்தர் இல்லத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று கதைகளையும் சொல்லுங்கள். அதற்கு முன்பாக, வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தால் அவரைக் கேளுங்கள்: "பாட்டி, உங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த டீச்சர் யார்? அவர் எங்கே படித்தாராம்?"

நூற்றில் ஒரு பாட்டியாவது, "வெள்ளைப் புடவை டீச்சர் ஒருத்தர் இருந்தார், ஐஸ் ஹவுஸிலே படித்தவராம்" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் உடனே ஒரு காகிதத்தை எடுத்து அந்த டீச்சரின் பெயர், ஊர், பள்ளிக்கூடம் மூன்றையும் எழுதி வையுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் வகுப்புப் படமோ, பயிற்சிச் சான்றிதழோ அகப்பட்டால் பழைய காகிதக்காரரிடம் போட்டு விடாதீர்கள். பாட்டிக்கு ஞாபகம் இருக்கும்போதே, படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.